வீடு என்னும் தொழிற்பெயர்: கிருனா நகரத்து வீட்டுச் சந்தை பற்றிச் சில குறிப்புகள்

2025 ஆகஸ்ட் 19, 20 ஆகிய இரண்டு நாட்களில் ஸ்வீடனின் வடகோடி நகரமான கிருனாவில் ஒரு மரத் தேவாலயம் சக்கரங்களின் மேலேறி ஐந்து கிலோமீட்டர் போயிற்று. 1912இல் கட்டியது. எடை 672 டன். தெருவெல்லாம் கூட்டம், தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு, ராஜாவே வந்திருந்தார். நம்மூர்த் தேரோட்டம் மாதிரிதான். அந்த மாதம் முடிவதற்குள் அதே ஊரின் சுரங்கக் கம்பெனி இன்னொன்றையும் அறிவித்தது. மேலும் சுமார் 6,000 பேர், 2,700 வீடுகள் இடம்பெயர வேண்டும். முதல் செய்தி உலகமெங்கும் படமாகப் போனது. இரண்டாவது செய்திக்கு ஊர்வலம் கிடையாது. இந்தக் கட்டுரை இரண்டாவது செய்தியைப் பற்றியது.

1

கிருனா, ஊர் இருந்து பிறகு சுரங்கம் வந்த இடமல்ல. 1890இல் எல்.கே.ஏ.பி. என்ற இரும்புத்தாதுக் கம்பெனி தோன்றியது. 1900இல் அந்தக் கம்பெனிக்காக ஊர் தோன்றியது. முதல் மேலாளர் யால்மார் லுண்ட்பொம், தொழிலாளர்களுக்கென்று ஒரு 'மாதிரி நகரம்' அமைக்க வேண்டும் என்று கட்டடக் கலைஞர்களை அழைத்து வந்தவர். அவர் காலத்துத் தொழிலாளர் வீடுகளுக்கு அவற்றின் வடிவத்தைப் பார்த்து 'மைக்கூடு' என்று பெயர் விழுந்தது. 1957இல் கம்பெனியின் பெரும்பங்கு அரசின் கைக்கு வந்தது. இன்று அது முழுக்க அரசுடைமை. ஐரோப்பிய ஒன்றியத்தில் தோண்டியெடுக்கும் இரும்புத்தாதில் ஏறத்தாழ 80 சதவீதம் இந்தக் கம்பெனியுடையது.

சிக்கல் பூமிக்கு அடியில் இருக்கிறது. தாதுப்படுகை நேராக இறங்கவில்லை. சுமார் 60 பாகை சாய்ந்து ஊரின் காலடிக்குள் போகிறது. தாதுவை எடுத்ததும் மேலே இருக்கும் பாறையைச் சரியவிடுவதுதான் இங்கே கையாளும் முறை. ஆழம் 1,365 மீட்டரைத் தொட்டுவிட்டது. ஆழமாகப் போகப் போகத் தரைமேல் விரிசல் ஊரை நோக்கி நகர்ந்து வருகிறது. 2004இல் கம்பெனி வெளிப்படையாகச் சொல்லிவிட்டது: ஊர் இடம் மாற வேண்டும். 1963இல் திறந்த நகரமன்றக் கட்டடம் 2019இல் இடிக்கப்பட்டது. மூன்று கிலோமீட்டர் கிழக்கே கட்டிய புதிய நகர மையம் 2022இல் திறக்கப்பட்டது. முதல் கட்டத்தில் பெயர வேண்டியவர்கள் சுமார் 6,000 பேர். புது அறிவிப்பையும் கூட்டிப் பார்த்தால் நகரத்தில் பாதிக்கு மேல்.

2

இப்படி ஓர் ஊரில் வீட்டின் விலை எப்படித் தீர்மானமாகிறது? 'சந்தைதான் தீர்மானிக்கிறது' என்பது பாடப்புத்தகப் பதில். சரி, வாங்குகிறவன் யார்? விரிசல் வரப்போகிற தெருவில் வீடு வாங்க எவன் வருவான்? கம்பெனிதான் வருகிறது. வேலை தருவதும் அது, வீட்டை வாங்குவதும் அது, இடிப்பதும் அது, நஷ்டஈடு கொடுப்பதும் அது. அதன் துணை நிறுவனம் வாடகைக்கு வீடு விடும் உரிமையாளராகவும் இருக்கிறது. ஒரே ஆள் எல்லா வேடத்தையும் கட்டுகிற இந்தக் கூத்துக்குச் 'சந்தை' என்று பெயர்.

ஸ்வீடன் சட்டம் இதைப் பார்க்காமல் இல்லை. சேதத்துக்குச் சுரங்கக் கம்பெனிதான் பணம் கட்ட வேண்டும். சொந்த வீட்டுக்காரருக்கு இரண்டு வழி: புது வீடு, அல்லது சந்தை மதிப்பும் அதன்மேல் 25 சதவீதமும். இந்த 25 சதவீதம் 2010இல் நிலமெடுப்புச் சட்டத்தில் சேர்ந்தது. உலகத்தின் பல பகுதிகளில் வீடிழந்தவர்களுக்குக் கிடைப்பதோடு ஒப்பிட்டால் இது கௌரவமான ஏற்பாடு என்பதை மறுக்க முடியாது. ஆனால் இந்தக் கௌரவத்தின் தர்க்கத்தைக் கொஞ்சம் அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

எந்தத் திட்டத்துக்காக நிலம் எடுக்கப்படுகிறதோ, அந்தத் திட்டத்தால் விழுந்த விலையைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது மதிப்பீட்டு விதி. நியாயமான விதிதான். ஆனால் கிருனாவில் இதன் பொருள் என்ன? விரிசலே வராதது மாதிரி பாவித்து விலை போட வேண்டும். சுரங்கமே இல்லை என்று பாவிக்க முடியுமா? முடியாது, சுரங்கம் இல்லையென்றால் ஊரே இல்லை, விலையும் இல்லை. ஆக, சுரங்கத்தின் சம்பளம் உண்டு, சுரங்கத்தின் விரிசல் கிடையாது என்ற ஒரு கற்பனை நகரத்தை எழுதி, அந்தப் பிரதிக்குள்ளிருந்து ஒரு விலையை எடுத்து, மெய்யான வீட்டின் மேல் ஒட்டுகிறார்கள். இயற்கையானது, புறவயமானது என்று சொல்லப்படும் 'சந்தை மதிப்பு' இங்கே ஒரு புனைவு.

அப்படியானால் அந்த 25 சதவீதம் எதற்கு? சந்தை விலையே வீட்டின் முழு மதிப்பு என்றால் அதற்கு மேல் ஒரு காசும் தர வேண்டியதில்லை. தருகிறார்கள் என்றாலே, சந்தை விலைக்குள் அடங்காத ஏதோ ஒன்று வீட்டில் இருக்கிறது என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. அடுத்த வீட்டுக்காரி, பனியில் பழகிய குறுக்குப்பாதை, பிள்ளை வளர்ந்த சுவர் எல்லாம் அதற்குள் வரும். பயன்மதிப்பு, பரிமாற்ற மதிப்பின் முதுகில் கால்பங்கு மூட்டையாகத் தொங்குகிறது. அந்தக் கால்பங்கு, சந்தை தந்த ஒப்புதல் வாக்குமூலம்.

3

இந்த வாக்குமூலம் வாடகைக்காரருக்குக் கிடையாது. அவருக்குச் சொத்தில்லை, ஆகவே இழப்பும் இல்லை என்பது சட்டத்தின் பார்வை. மாற்று வீடு தருகிறார்கள். ஸ்வீடனில் வாடகையை வீட்டு உரிமையாளரும் வாடகைதாரர் சங்கமும் பேரம் பேசி முடிவு செய்வது வழக்கம். வீட்டுக்காரர் நினைத்த மாதிரி ஏற்ற முடியாது. ஆனால் பழைய வீட்டின் வாடகை ஒரு தளம், புதுக் கட்டடத்தின் வாடகை இன்னொரு தளம். ஏற்றத்தைப் படிப்படியாகச் செய்கிறார்கள். படி முடிந்த பிறகு? அதே சமையலறை, அதே படுக்கையறை, அதே சம்பளம், வாடகை மட்டும் வேறு. 'புதுசா இருக்கே, வசதியா இருக்கே' என்று கேட்கலாம். கேட்டு வாங்கிய வசதி அல்ல அது.

புதிதாக யாராவது கட்டினால் என்ன என்று தோன்றும். வடக்கே கட்டுமானச் செலவு அதிகம். கட்டி முடித்த வீட்டின் சந்தை விலை பல சமயம் அந்தச் செலவைத் தொடுவதில்லை. வங்கி தயங்குகிறது. கிருனா நகராட்சியின் பரப்பு ஏறக்குறைய 20,000 சதுர கிலோமீட்டர். மக்களோ சுமார் 22,000 பேர். இவ்வளவு நிலம் கிடந்தும் வீடு கட்ட மனை தட்டுப்பாடு. கனிமம், கலைமான் மேய்ச்சல், இயற்கைப் பாதுகாப்பு, ராணுவம் என்று ஒவ்வொன்றும் 'தேசிய நலன்' என்ற முத்திரையோடு நிலத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறது. வாடகைக்கு வீடு தேடும் நர்சம்மா மட்டும் தேசிய நலன் இல்லை.

நகராட்சியின் கையிலும் காசில்லை. கம்பெனியின் லாபவரி மைய அரசுக்குப் போகிறது. ஆதாயப் பங்கும் அங்கேயே போகிறது. ஊரில் பதிவு செய்து வாழ்கிறவர்களின் வருமானவரிதான் நகராட்சிக்கு. வெளியூரிலிருந்து பறந்து வந்து சில நாள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும் ஒப்பந்தத் தொழிலாளியின் வரி அவன் ஊருக்கே போய்விடும். இங்கே அவனுக்குத் தேவை ஒரு கட்டில். சுற்றுலாக்காரனுக்கும் கட்டில் வேண்டும். கட்டிலுக்குக் கிடைக்கிற காசு குடும்பத்துக்கு விடுகிற வாடகையில் கிடைக்காது.

4

'சந்தை'க்குள்ளேயே வராதவர்கள் சாமி மக்கள் (நம்ம சாமி அல்ல, வட ஐரோப்பாவின் பழங்குடி). கலைமான்களை மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்லும் அவர்களின் உரிமை, நெடுங்கால வழக்கத்தால் வந்தது, பத்திரத்தால் வந்ததல்ல. அவர்களுக்கு வீடு என்பது நான்கு சுவர் மட்டுமல்ல, குளிர்கால மேய்ச்சலுக்கும் கோடைக்கால மேய்ச்சலுக்கும் இடையிலுள்ள வழியும்தான். 2023 ஜனவரியில் பெர் யேயர் படுகையில் அரிய மண் தனிமங்கள் பெருமளவில் இருப்பதாகக் கம்பெனி அறிவித்தது. மின்கார்களுக்கும் காற்றாலைகளுக்கும் வேண்டிய, 'பசுமை'ப் பொருள். அங்கே சுரங்கம் வந்தால் காப்னா என்ற சாமி மேய்ச்சல் சமூகத்தின் வழி துண்டிக்கப்படும். ஒரு வழிக்குச் சந்தை மதிப்பு என்ன? அதன்மேல் 25 சதவீதம் என்றால் எதன்மேல்?

5

1872இல் எங்கெல்ஸ் குடியிருப்புப் பிரச்சினை பற்றி எழுதத் தொடங்கியபோது, முதலாளியம் அந்தப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, இடம் மாற்றி வைக்கிறது என்ற கருத்தை முன்வைத்தார். அவர் சொன்னது பாரிஸ், மான்செஸ்டர் சேரிகளைப் பற்றி. கிருனாவில் அது உருவகமே இல்லை, நேர்ப்பொருள். அவர் இன்னொன்றையும் சுட்டினார்: தொழிலாளிக்குச் சொந்த வீடு வந்தால் அவன் அந்த ஊர் முதலாளியோடு கட்டப்படுகிறான். கிருனாவில் பலர் இடப்பெயர்வை எதிர்க்காததற்குக் காரணம் அறியாமை அல்ல. சுரங்கம் நின்றால் பழைய வீட்டுக்கும் விலையில்லை, புது வீட்டுக்கும் விலையில்லை என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர்கள் தலையாட்டுவதைச் 'சம்மதம்' என்று எழுதிக்கொள்வதில்தான் வன்முறை இருக்கிறது. அங்கே முதலாளி அரசே என்பது, அரசுடைமை என்ற சொல்லை மட்டும் நம்பியிருக்கும் நமக்கும் ஒரு பாடம்.

'விடு' என்ற வினையிலிருந்து பிறந்த முதனிலை திரிந்த தொழிற்பெயர் 'வீடு' என்று வகுப்பில் படித்தோம். விடுதலை என்று பொருள் சொல்லித் தந்தார்கள். விட்டுப் போவது என்ற பொருளும் அதற்குள்ளேயே இருக்கிறது. தேவாலயத்துக்குச் சக்கரம் கட்டத் தெரிந்த ஒரு சமூகம், இந்த இரண்டு பொருளில் எது யாருக்கு என்பதை யாரிடம் கேட்டு முடிவு செய்தது?