வாசலில் ஒரு விண்மீன்

டிசம்பர்த் திங்கள் பிறந்ததும் திருவனந்தபுரத்து வீட்டு வாசல்களில் தாளால் ஆன விண்மீன்கள் ஒளிவிடத் தொடங்குகின்றன. பாளையத்தில் கோயிலும் பள்ளிவாசலும் பேராலயமும் அருகருகே நிற்பதுபோல, இவ்விண்மீனும் ஒரு சமயத்தாரின் வாசலோடு நின்றுவிடுவதில்லை. கடைத்தெருவெங்கும் அது தொங்குகிறது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்குரிய இவ்வலங்காரங்கள் எங்கே தோன்றின? நம் நாட்டுக்கு எவ்வாறு உரியனவாயின? இவற்றைச் சற்று ஆராய்வோம்.

முதலில் குடிலை எடுத்துக்கொள்வோம். 1223ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுக் கிரேச்சோ என்னும் மலையூரில், அசிசி நகரத்துப் பிரான்சிசு முனிவர் வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டியை வைத்து, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் அருகே நிறுத்தி, ஏழ்மையில் நிகழ்ந்த பிறப்பை எளிய மக்கள் கண்ணாரக் காணச் செய்தார். பிற்காலத்தில் பொம்மைகள் அவ்விடத்தைப் பெற்றன. நவராத்திரிக் கொலு வைத்துப் பழகிய நமக்கு, பொம்மைகளால் கதை சொல்லும் இம்முறை புதிதன்று.

மரத்தின் வரலாறு வேறு. 1605ஆம் ஆண்டில் ஸ்திராஸ்பூர்க் நகரத்து வீடுகளில் ஊசியிலை மரத்தை நிறுத்தி, தாள் ரோசாக்களும் ஆப்பிள்களும் தொங்கவிட்டதாக ஒரு குறிப்பு உண்டு. ஜெர்மானியரின் இவ்வழக்கத்தை 1800இல் சார்லட் அரசியார் இங்கிலாந்து அரண்மனையில் மேற்கொண்டார். 1848இல் விக்டோரியா அரசியின் குடும்பம் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் இலண்டன் பத்திரிகையில் வெளிவந்தபின், பொதுமக்களிடையேயும் அது பரவிற்று. 1882இல் எடிசனின் கூட்டாளியான எட்வர்டு ஜான்சன், மெழுகுவத்திகளுக்கு மாறாக 80 மின்விளக்குகளை நியூயார்க்கில் தம் வீட்டு மரத்தில் ஏற்றினார். நம் கடற்கரைப் பகுதிகளில் அம்மரம் ஏது? சவுக்குக் கிளையே அதன் இடத்தில் அமர்ந்தது.

விண்மீனோ வேதாகமக் கதையிலேயே உள்ளது. ஜெர்மனியில் மொரேவிய சபையாரின் நீஸ்கி பள்ளியில், 1830ஆம் ஆண்டுகளில், வடிவ கணிதப் பாடத்துக்காகப் பல முனைகளையுடைய தாள் விண்மீன் செய்யப்பட்டது. நம் பக்கத்து ஐம்முனை விண்மீனிலும் கணிதம் உண்டு. மூங்கில் தப்பை ஐந்தைக் கட்டினால் ஒரு சட்டம். இரு சட்டங்களுக்குத் தப்பைகள் பத்து. முனைகளைச் சேர்த்துக் கட்டி, உட்கோணங்கள் ஐந்திலும் சிறு குச்சிகளைக் குறுக்கே செருகினால் நடுப்பகுதி புடைத்துக்கொள்ளும். அதன்மேல் வண்ணத்தாளை ஒட்டி, விளக்கு வைக்க ஒரு வாயிலை மட்டும் திறந்துவிடுவர். குச்சி ஒன்று நீண்டால் விண்மீன் கோணிவிடும். பசை காயுமுன் தூக்கினால் தாள் கிழியும். பொறுமையைக் கற்பிக்க இதைவிட நல்ல பாடம் வேண்டுமோ?

இனி, ஆயத்தங்களைப் பார்ப்போம். மயிலாடியில் 1806இல் ரிங்கல்தௌபே பாதிரியார் பணி தொடங்கிய காலந்தொட்டுத் தென்திருவிதாங்கூர்த் தமிழரிடையே சீர்திருத்தச் சபைகள் வளர்ந்தன. அப்பகுதியினர் படிப்புக்கும் அலுவலுக்கும் தலைநகராகிய திருவனந்தபுரம் வந்து குடியேறினர். 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. தலைநகரில் தங்கியவர்கள் வீடு மாறாமலே வேற்று மாநிலத்தவர் ஆயினர்! ஆயினும் அவர்கள் அடுப்படியை எந்த எல்லைக்கோடும் பிரிக்கவில்லை. வறுத்த சிறுபயற்று மாவை வெல்லப்பாகும் தேங்காயும் சேர்த்து உருட்டி, மும்மூன்றாய் இணைத்து, அரிசிமாவில் தோய்த்துப் பொரிக்கும் முந்திரிக்கொத்து பண்டிகைக்கு உண்டு. நாம் அச்சுமுறுக்கு என்பதை அண்டை வீட்டார் அச்சப்பம் என்கின்றனர். அவ்வண்டை வீட்டாருள் சிரியக் கிறிஸ்தவர்களோ டிசம்பர் முதல் நாள் தொடங்கி 25 நாள் நோன்பிருந்து, விழாவன்றே புலால் உண்பர். பெயரும் முறையும் மாறினாலும் தட்டுகள் வேலி தாண்டிச் செல்லும்.

இன்று நெகிழி விண்மீன்களும் சிறு மின்மணிச் சரங்களும் கடையில் ஆயத்தமாய்க் கிடைக்கின்றன. மழைக்கும் தாங்கும், உழைப்பும் மிச்சம். அவற்றைக் குறைகூற வேண்டுவதில்லை. ஆனால் வேற்று மாநிலத்தில் வளரும் தமிழ்க் குழந்தை, பள்ளியில் கேளாத சொற்களைக் கேட்பது பெரும்பாலும் இத்தகைய வேலைகளின்போதுதான். ‘தப்பையைச் சீவு’, ‘பசையைக் காய்ச்சு’, ‘பாகு பதமாயிற்றா பார்’ என்று பாட்டி ஏவும்போது மொழி கைவழியே மனத்தில் பதிகிறது. முழுமையாய்ச் செய்து முடித்த விண்மீனை வாங்கும் வீட்டில் அச்சொற்களுக்கு வேலை இல்லை. வேலையற்ற சொல் ஒரு தலைமுறைக்குள் மறைந்துவிடும்.

தீவனத் தொட்டியும் ஊசியிலை மரமும் பல நாடுகளைக் கடந்து வந்தவை. வைக்கோலும் சவுக்கும் மூங்கிலும் கொண்டு கையால் செய்ததனாலேயே அவை நமக்கு உரியவாயின. ஆண்டுக்கு ஒரு விண்மீனையேனும் வீட்டில் பிள்ளைகளோடு கூடிச் செய்வோமாக. அது சற்றே கோணியிருந்தாலும் ஒளி குறையாது.