விற்ற பின்பு தொடங்கும் தொழில்: சிறு மென்பொருள்காரரின் கணக்கு

மும்பைத் தமிழர்களில் கணினித் துறையில் இருப்பவர் என்றாலே பெரிய கம்பெனியில் மாதச் சம்பளம் வாங்குபவர் என்றுதான் நினைக்கிறோம். ஒரு மேஜை, ஒரு கணினி, ஒரு டெலிபோன், இவற்றோடு தனி ஆளாக மென்பொருள் எழுதி விற்றுப் பிழைக்கும் ரகமும் உண்டு. 1994-லிருந்து அடியேன் அந்த ரகம். "ஸார் என்ன பண்றீங்க?" என்று கல்யாண வீட்டில் கேட்பவர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு இதுவரை வந்ததில்லை. மலர்க்குழுவினர் இடம் கொடுத்திருப்பதால் இங்கே விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

காலபாதேவி, மங்கள்தாஸ் மார்க்கெட் பக்கத்து ஆயத்த ஆடை மொத்த வியாபாரிகள்தான் என் வாடிக்கையாளர்கள். பில் போடவும், சரக்கிருப்பும் பாக்கியும் பார்க்கவும் ஃபாக்ஸ்புரோவில் ஒரு நிரல் எழுதினேன். பிரதி 12,000 ரூபாய். இரண்டு ஃபிளாப்பி, கூடவே, கணினியின் பின்பக்கம் பிரிண்டர் கேபிள் செருகும் இடத்தில் மாட்ட 'டாங்கிள்' என்ற சின்னத் துண்டு. அது இருந்தால்தான் நிரல் ஓடும். திருட்டுப் பிரதிக்கு அந்தக் காலத்தில் நாங்கள் போட்ட பூட்டு அது.

நான் விற்றது ஃபிளாப்பி என்று நான் நினைத்தேன். வாங்கியவர் நினைத்தது வேறு. முதல் வாடிக்கையாளர் ஒரு குஜராத்தி சேட். ஒருநாள் இரவு ஒன்பதரைக்கு போன். பில் வரவில்லை, டெம்போ கிளம்ப முடியாமல் நிற்கிறது என்று கூப்பாடு. லோக்கல் வண்டி பிடித்துப் போய்ப் பார்த்தால் பிரிண்டரில் பேப்பர் சிக்கியிருக்கிறது! ஆனால் சேட்டைப் பொறுத்தவரை பில் வரலேன்னா அது என் தப்பு. யோசித்தால் அவர் கட்சியிலும் நியாயம் உண்டு.

மென்பொருள் துருப்பிடிக்காது, தேயாது. பிறகு ஏன் பழசாகிறது என்று பலர் கேட்பார்கள். நிரல் அப்படியேதான் இருக்கிறது, சுற்றியிருப்பவைதான் மாறுகின்றன. வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதி வைத்த எங்களுக்கு 2000 பிறப்பதற்குள் கண் பிதுங்கிவிட்டது. பிறகு 64 பிட் விண்டோஸ் வந்தது. பழைய டாஸ் நிரல்களை அது ஏற்காது என்பதால் முழுவதையும் திருப்பி எழுதினேன். ஃபாக்ஸ்புரோவுக்கு இனி புதுப் பதிப்பு கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் 2007-லேயே கைவிரித்துவிட்டது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய வேலை வரிச் சட்டம். 2005 ஏப்ரல் 1 முதல் மகாராஷ்டிரத்தில் வாட். 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வெறும் சதவீதத்தை மாற்றினால் போதும் என்றுதான் வியாபாரிகள் நினைத்தார்கள். மாநிலத்துக்குள் விற்றால் வரியை மத்திய, மாநிலப் பங்காக இரண்டாய்ப் பிரிக்க வேண்டும். சூரத்துக்கு அனுப்பினால் ஒரே வரியாகக் காட்ட வேண்டும். அதோடு 1,000 ரூபாய் வரையுள்ள சட்டைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 12. 1,050 ரூபாய்ச் சட்டையில் தள்ளுபடி கொடுத்து 990-க்கு விற்றால் வரியே மாறிவிடும். அதைப் பில் போடும் பையன் கவனிக்க மாட்டான், நிரல்தான் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22-ல் அந்த எல்லை 2,500 ரூபாயாகி, அதற்கு மேல் 18 சதவீதம் என்று ஆனது. மறுபடி ராத்திரிக் கண்விழிப்பு.

இதற்குத்தான் வருஷப் பராமரிப்புக் கட்டணம். 2005-ல் 40 வாடிக்கையாளர்கள், ஆளுக்கு 3,000. ஆக மாதம் 10,000 ரூபாய் நிச்சயம். வீட்டு வாடகை அதில்தான் போயிற்று. அதை வாங்குவதற்குள் பட்ட பாடு! "ஒரு தடவை காசு கொடுத்தாச்சே, ஃபேனுக்கு வருஷா வருஷம் கொடுக்கறேனா?" என்பார் சேட். "ஃபேனை இந்த வருஷம் இடப்பக்கம் சுத்து, அடுத்த வருஷம் வலப்பக்கம் சுத்துன்னு சர்க்கார் சொல்றதில்லையே சேட்ஜி" என்பேன். சிரித்துவிட்டு அடுத்த மாதம் வரச் சொல்வார்.

சிறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற சிறு நிறுவனத்துக்கு வாங்கியவர் 45 நாளைக்கு மேல் பாக்கி வைக்கக்கூடாது. மீறினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. படிக்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஏற்றுமதி நிறுவனம் ஒன்று என் பணத்தை 14 மாதம் இழுத்தடித்தது. நான் புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் பணம் வந்திருக்கும், அந்த வாடிக்கை போயிருக்கும்.

இன்னொரு சட்டம், பதிப்புரிமை. நம் நாட்டில் கணினி நிரல் 'இலக்கியப் படைப்பு' வகையில் சேரும். சட்டத்தின் கண்ணில் கம்பரும் நாமும் ஒரே வகுப்பு! சம்பளத்துக்கு இருப்பவர் எழுதினால் உரிமை முதலாளிக்கு. வெளியாள் எழுதிக் கொடுத்தால், எழுத்து மூலம் மாற்றிக் கொடுக்காதவரை அவருக்கே. சிறு தொழில் செய்யும் இளைஞர்கள் இதை முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லது. இந்த உரிமை எழுதியவர் இறந்த பிறகும் 60 வருஷம் வாரிசுகளுக்கு உண்டு.

அந்த 60 வருஷத்தைப் பற்றி 2019-ல்தான் யோசித்தேன். நெஞ்சுவலி என்று ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அது மாதத்தின் பத்தாம் தேதி, ஜி.எஸ்.டி. விற்பனைக் கணக்குக்குப் பதினொன்றாம் தேதி கெடு. என் செல்போன் மனைவி கையில். பதினேழு பேர் கூப்பிட்டிருக்கிறார்கள். விஷயம் தெரிந்ததும் எல்லோரும் நலம் விசாரித்தார்கள், ஒருவர் மட்டும் தயங்கித் தயங்கி, "பாபிஜி, பாஸ்வேர்டு ஏதாவது எழுதி வெச்சிருக்காரா?" என்று கேட்டாராம். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருடைய முழு வியாபாரமும் என் ஒருவன் தலைக்குள் இருந்தது. வாரிசுக்கு உரிமை இருக்கிறது, நிரலைத் திறந்து படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை.

வீடு திரும்பியதும் மூன்று மாதம் புது வாடிக்கை எதுவும் எடுக்கவில்லை. நிரலின் ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது, ஏன் அப்படி என்று உட்கார்ந்து எழுதினேன். தானாவில் என்னைப் போலவே தனியாகத் தொழில் செய்யும் தம்பி ஒருவரோடு ஒப்பந்தம்: அவர் படுத்தால் அவருடைய வாடிக்கையாளர்களை நான் பார்ப்பேன், நான் படுத்தால் என்னுடையவர்களை அவர். மூல நிரல், பாஸ்வேர்டுகள், தம்பியின் போன் நம்பர் எல்லாம் ஒரு உறையில் பீரோவில் இருக்கின்றன. மனைவியிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "சரிங்க, இதுல முதல்ல யாருக்கு போன் பண்ணணும்னு போடலையே?" என்றாள்.

அதையும் உறையின் மேலேயே எழுதி ஒட்டினேன்.