சீரான முடுக்கத்தில் திசைவேகம்

நேர்க்கோட்டில் செல்லும் ஒரு பொருளின் திசைவேகம் ஒவ்வொரு நொடியும் ஒரே அளவு மாறினால், அதன் முடுக்கம் சீரானது எனப்படும். வேகம் குறையும்போது முடுக்கத்தை எதிர்க்குறியுடன் எழுதுவர். இதனைத் தமிழ்நாட்டில் எதிர்முடுக்கம் என்றும், இலங்கைப் பாடநூல்களில் அமர்முடுகல் என்றும் வழங்குகின்றனர். பின்னது அழகிய சொல்.

சமன்பாடுகள்

காலம் தெரிந்தால்:

இறுதித் திசைவேகம் = தொடக்கத் திசைவேகம் + (முடுக்கம் × காலம்)

தொலைவு தெரிந்தால்:

இறுதித் திசைவேகத்தின் வர்க்கம் = தொடக்கத் திசைவேகத்தின் வர்க்கம் + (2 × முடுக்கம் × தொலைவு)

சராசரித் திசைவேகத்தைக் காலத்தால் பெருக்கினால் தொலைவு கிடைக்கும். அதிலிருந்து முதற் சமன்பாட்டின் உதவியால் காலத்தை நீக்கினால் இரண்டாவது சமன்பாடு வரும். எதை எங்கே பயன்படுத்துவது என்பதில்தான் மாணவர்கள் தடுமாறுகின்றனர்.

எடுத்துக்காட்டு

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி செல்லும் நான்குவழிச் சாலை (தேசிய நெடுஞ்சாலை 38) கரிசல் சமவெளியில் நெடுந்தொலைவு நேராகச் செல்கிறது. இத்தகைய சாலையில் இரண்டு மகிழுந்துகள் மணிக்கு 80 கி.மீ., 100 கி.மீ. வேகங்களில் இணையாக வருவதாகக் கொள்வோம். சீமைக் கருவேலம் புதரிலிருந்து ஆட்டுமந்தை ஒன்று சாலைக்குள் இறங்குகிறது. இருவரும் ஒரே இடத்தில் தடையை அழுத்துகின்றனர். இரண்டுக்கும் எதிர்முடுக்கம் நொடிக்கு நொடி 6 மீ/நொடி எனக் கொள்க.

முதல் வண்டி (22.2 மீ/நொடி) 3.7 நொடியில், ஏறத்தாழ 41 மீட்டரில், மந்தைக்குச் சற்று முன்னே நின்றுவிடுகிறது. இரண்டாவது வண்டி அவ்விடத்தில் என்ன வேகத்தில் இருக்கும்? 20 கி.மீ. என்பதே பலரின் விடை. 3.7 நொடி கழித்து அதன் வேகம் 20 கி.மீ. என்பது உண்மைதான், ஆனால் அதற்குள் அது ஏறத்தாழ 62 மீட்டர் சென்றிருக்கும். ஆடுகள் நிற்பது 41 மீட்டரில். எனவே இங்கு வேண்டியது தொலைவுச் சமன்பாடு. இரண்டுக்கும் முடுக்கமும் தொலைவும் ஒன்றாதலால் வர்க்கங்களைக் கழித்தாலே போதும்:

100 × 100 − 80 × 80 = 3600 = 60 × 60

அதாவது மந்தையை அடையும்போது அதன் வேகம் மணிக்கு 60 கி.மீ. ஆகும்.

ஓட்டுநர் கண்டு, தடையை அழுத்த ஒரு நொடி ஆகுமானால், அந்த நொடியில் வேகமான வண்டி மற்றதைவிட 5.6 மீட்டர் கூடுதலாக ஓடிவிடும். விடை 67 கி.மீ. ஆக உயரும்.

வரம்பு

உண்மையில் தடையின் விசை முழுவதும் சீராக இருப்பதில்லை, மேற்கண்டவை தோராயமே. நெடுநாள் வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழையில் சாலைப் புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்து வழுக்கும். எதிர்முடுக்கம் பாதியாகக் குறைந்தால், 80 கி.மீ. வேகத்தில் வந்த வண்டியே அந்த 41 மீட்டரில் ஏறத்தாழ 57 கி.மீ. வேகத்துடன் இருக்கும்.