தூங்க பத்து ஃபிரிங்கி, சாப்பிட ஜார்ஜ் டவுன்

பினாங்குத் தீவின் வடகரையில் இருக்கும் பத்து ஃபிரிங்கிக்கு விடுமுறைக்கு வருகிறவர்களில் பலரும் முதல் நாள் இரவே ஏமாந்துவிடுகிறார்கள். ஜன்னலைத் திறந்தால் கடல், கீழே நீச்சல் குளம், உடம்பில் பயண அலுப்பு. லிஃப்டில் இறங்கி, ஹோட்டல் பஃபேயிலேயே தட்டை நிரப்பிக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். அந்தச் சாப்பாடு துபாயிலும் கிடைக்கும், கோவாவிலும் கிடைக்கும். அதற்குக் கொடுக்கும் பணத்தில் ஜார்ஜ் டவுனில் ஒரு குடும்பமே வயிறாரச் சாப்பிட்டு, மிச்சக் காசில் ஐஸ் செண்டோலும் குடித்துவிட்டு வரலாம்.

ஹோட்டல் வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்தால் 101-ஆம் எண் பேருந்து போகும். மலையும் கடலும் மாறி மாறி வரும் வளைவுகளைக் கடந்து அது ஜார்ஜ் டவுனின் வெல்ட் கீ படகுத்துறையில் கொண்டுபோய் விடும். கடற்கரை தூங்குவதற்கும் குளிப்பதற்கும்தான். பினாங்கின் சாப்பாடு ஊருக்குள் இருக்கிறது.

அந்த ஊருக்குள் இடத்தைவிட நேரம் முக்கியம். இங்கே ஒரு கடைக்கு ஒரு பலகாரம்தான். ரொட்டி போடுகிறவர் ரொட்டி மட்டும் போடுவார்; மீ எனப்படும் நூடுல்ஸ் வறுக்கிறவர் ஆயுள் முழுக்க மீ மட்டும் வறுப்பார். காலையில் திறக்கும் கடை பதினொரு மணிக்குள் கழுவி மூடப்பட்டிருக்கும். அதே இடத்தில் சாயங்காலம் வேறொருவர் தள்ளுவண்டியோடு வந்து நிற்பார். சரக்கு தீர்ந்தால் அன்றைக்குக் கடை தீர்ந்தது. முகவரியை மட்டும் குறித்துக்கொண்டு போகிறவர் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார்.

தமிழ் வாசகர் முதலில் போகவேண்டிய இடம் நாசி கண்டார் கடை. சோற்றுக்கு மலாயில் நாசி. தோளில் வைத்துச் சுமக்கும் காவடித் தடிக்குக் கண்டார். தடியின் ஒரு முனையில் சோற்றுப் பானையும் மறுமுனையில் குழம்புப் பானையும் தொங்க, தமிழ் முஸ்லிம்கள் துறைமுகத்துக்கு நடந்துபோய்க் கப்பல் கூலிகளுக்குப் பசியாறக் கொடுத்த சாப்பாடு இது. 1786-இல் பிரிட்டிஷார் கைக்குப் போன பினாங்கு வரியில்லாத் துறைமுகமாக வளர்ந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து மரைக்காயர்களும் ராவுத்தர்களும் வியாபாரத்துக்கும் வேலைக்கும் வந்து இறங்கினார்கள். 1801-இல் எழும்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், சூலியா தெருவில் நாகூர் தர்காவின் சாயலில் நிற்கும் சின்ன தர்காவும், குயின் தெருவில் 1833-இல் கட்டிய மகா மாரியம்மன் கோயிலும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. பிற்காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் ஏறியவர்களுக்கும் மலாயாவின் முதல் கரை இதுதான். வரியில்லாத் துறைமுகம் என்ற தகுதி 1969-இல் பறிபோனது. கப்பல் கூலிகள் போனார்கள். சோறு மட்டும் நின்றுவிட்டது.

கேம்பல் தெருவில் உள்ள ஹமீதியா 1907-இல் தொடங்கிய கடை. இருக்கும் நாசி கண்டார் கடைகளில் மூத்தது தானே என்று சொல்லிக்கொள்கிறது. பினாங்கு ரோட்டில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே சந்துக்குள் இயங்கும் லைன் கிளியருக்கு ராத்திரி ஆட்டம் முடிந்து வருகிறவர்கள் கூட்டம். குருத்வாரா சாலையில் இருக்கும் தீன் மாஜுவுக்கு முன்னால் வரிசை நடைபாதை நெடுக நீளும். எது உசத்தி என்று பினாங்குக்காரர்களிடம் கேட்டால் சண்டைதான் வரும்.

கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நிற்பவர் தட்டில் வெள்ளைச் சோற்றைக் கவிழ்த்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். பொரித்த கோழி, மாட்டிறைச்சி, மீன் தலை, மீன் சினை, கணவாய், அவித்த முட்டை, முழுசாக வேகவைத்த வெண்டைக்காய் என்று தட்டு தட்டாகக் காத்திருக்கும். கை காட்டினால் போதும். அதன் பிறகு நடப்பதுதான் வித்தை. கரண்டி ஒரு சட்டியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்: கோழிக் குழம்பில் அரைக் கரண்டி, மீன் குழம்பில் கொஞ்சம், சோயா போட்டுக் கருத்த இறைச்சிக் குழம்பில் கொஞ்சம், மேலே தால்ச்சா. எல்லாம் ஒரே சோற்றின் மேல். ‘பஞ்சிர்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் சோறு தெரியாத அளவுக்குக் குழம்பு வெள்ளமாக இறங்கும். சாம்பாருக்குப் பின் ரசம், ரசத்துக்குப் பின் மோர் என்று வரிசை பிடித்துப் பழகிய நாக்கு முதல் வாயில் மிரளும். நாலாவது வாயில், இந்தக் கலவைக் குழம்பு எந்த ஒரு சட்டியிலும் இல்லாத ருசி என்று தெரியவரும். நம்மூர் பாய் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணிக்குப் பக்கத்தில் வரும் அதே தால்ச்சாதான். ஆனால் இங்கே அது கடல் கடந்து வேறு வேலைக்குப் போயிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. விலைப்பட்டியல் தொங்காத கடைகளில் பில் போடுகிறவர் தட்டைப் பார்த்துத்தான் தொகை சொல்வார். கணவாய், பெரிய இறால், மீன் தலை இவற்றின் பக்கம் கையை நீட்டும் முன் விலை கேட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காலை நேரம் டிரான்ஸ்ஃபர் ரோட்டுக்கு உரியது. நடைபாதை ஓரத்தில் மேசை போட்ட ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய் தட்டுகிறார்கள். பரோட்டாவின் நெருங்கிய உறவு. ஆனால் மெல்லியது, வீச்சு அதிகம். தனியே கிண்ணத்தில் குருமா என்ற பேச்சே இல்லை. ரொட்டியின் தலையிலேயே கறிக்குழம்பை ஊற்றி, கேட்டால் இறைச்சித் துண்டும் வைத்து, மேலே அரைவேக்காட்டு முட்டையை உடைத்துவிடுவார்கள். கூடவே ஒரு தே தாரிக், நம்மூர் மாஸ்டர் ஆற்றிக் கொடுக்கும் டீயேதான். பால் மட்டும் டின் பால்.

நாசி கண்டாரோடு தமிழ்க் கை முடிந்துவிடவில்லை. சீனர்களின் மஞ்சள் நூடுல்ஸை எடுத்து, மிளகாய் விழுதும் உருளைக்கிழங்கும் டோஃபுவும் கணவாயும் சேர்த்து வறுத்து, ஓரத்தில் எலுமிச்சை வைத்து மீ கோரெங் ஆக்கியவர்கள் மாமாக் எனப்படும் தமிழ் முஸ்லிம்களே. பர்மா ரோடு பக்கம் பேங்காக் லேன் முனையில் ஒரு சீனர் காப்பிக் கடையின் வாசலில் மாமாக் வண்டி நிற்கிறது. உள்ளே காப்பி சீனருடையது, வெளியே மீ தமிழருடையது. எஸ்பிளனேட் மைதானத்துப் பக்கம் கிடைக்கும் பசம்பூரும் அப்படித்தான். இறால் வடை, டோஃபு, அவித்த முட்டை, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நறுக்கி, வெள்ளரிக்காய்த் துருவலைத் தூவி, சர்க்கரைவள்ளிக் கிழங்கில் காய்ச்சிய இனிப்புக் காரக் குழம்பை மேலே ஊற்றுகிறார்கள். வடைக்கு இப்படியும் ஒரு கதி உண்டா என்று தோன்றலாம். சாப்பிட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

சீனர் காப்பிக் கடைகளுக்கு ஒரு நடைமுறை உண்டு. தெரியாவிட்டால் முறைப்பு கிடைக்கும். ஒரே கூரையின் கீழ் ஏழெட்டு வண்டிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர். கடை முதலாளி விற்பது பானம் மட்டும். அதனால் மேசையில் உட்கார்ந்தால் ஏதாவது குடிக்கச் சொல்லியே ஆகவேண்டும். பல கடைகளில் பானம் வாங்காதவர்களிடம் தனிக் கட்டணமும் வசூலிப்பார்கள். சூட்டுக்கு அம்ரா சாறு நல்லது. நம்மூரில் புளிச்சகாய் என்றும் சிலர் சொல்லும் அம்பழங்காயைப் பிழிந்து, உப்புப் போட்டு உலர்த்திய பிளம்ஸ் ஒன்றை உள்ளே போட்டுத் தருவார்கள்.

இந்தக் கடைகளின் ராஜா சார் குவே தியாவ். கரி அடுப்பில் வாணலி கொதிக்க, அகலமான அரிசி நூடுல்ஸ், இறால், சிப்பி, முளைப்பயறு, முட்டை எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் வதங்கி இறங்கும். ஒரு தட்டுக்கு ஒரு வறுவல். பத்துப் பேர் காத்திருந்தாலும் மொத்தமாகப் போட மாட்டார்கள்; போட்டால் புகை வாசம் ஏறாது. சியாம் ரோட்டில் இதற்காக ஒரு மணி நேரம் வரிசையில் நிற்கிறவர்கள் உண்டு. சீனர் வண்டிகளில் பன்றிக் கொழுப்பும் பன்றி இறைச்சிச் சாசேஜும் சேர்ப்பது வழக்கம்; சாப்பிடாதவர்கள் ஹலால் பலகை தொங்கும் கடையாகப் பார்த்துப் போகவேண்டும்.

புளி விரும்பிகளுக்கு அசாம் லக்சா. அயிலை இனத்து மீனை வேகவைத்து முள் எடுத்து உதிர்த்து, புளித்தண்ணீரில் காய்ச்சிய சாறு; அதில் தடித்த அரிசி நூடுல்ஸ், அன்னாசி, வெள்ளரி, புதினா, மலை இஞ்சிப் பூ. கடைசியில் கன்னங்கரேலென்ற இறால் விழுது ஒரு கரண்டி. அந்த விழுதின் நாற்றம் முதலில் தள்ளிவிடும், பிறகு விடாது. 2011-இல் சிஎன்என் பயணப் பிரிவு வெளியிட்ட உலகின் 50 சுவையான உணவுகள் வரிசையில் இதற்கு ஏழாம் இடம். கெக் லோக் சி பௌத்தக் கோயிலுக்குப் போகிறவர்கள் அடிவாரத்தில் ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் இறங்கி ஒரு கிண்ணம் குடித்துவிட்டு மலையேறுவது வழக்கம். வெளியூர்க்காரருக்கு இது மீன் ரசத்துக்குள் இடியாப்பம் விழுந்ததுபோல இருக்கும். ஆனால் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவருக்கு ஒரே நாளில் பழகிவிடும்.

செண்டோலுக்குக் கெங் குவீ சந்து. 1936-இலிருந்து அங்கே விற்கிறார்கள். தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, பச்சை நிற அரிசிமாவு இழைகள், சிவப்புப் பயறு, சீவிய ஐஸ். சந்தில் நின்றபடியே குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

கர்னி டிரைவ் அங்காடி வளாகத்தை எல்லாப் பயண வழிகாட்டிகளும் புகழ்கின்றன. ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் கூட்டமும் விலையும் ருசியை மிஞ்சிவிட்டன. கடல் காற்றில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று எதிர்பார்த்துப் போனால், கடலை மண் கொட்டித் தூர்த்துப் பூங்கா போட்டிருப்பதைத்தான் பார்க்க முடியும். நேரம் குறைவாக உள்ளவர்கள் போகலாம். மற்றவர்கள் லோரோங் பாரு ஒட்டுக்கடைகளிலோ சூலியா தெருவின் ராத்திரி வண்டிகளிலோ உட்காரலாம்.

சைவர்கள் திண்டாட வேண்டியதில்லை, ஆனால் எல்லை குறுகியது. பினாங்கு ஸ்ட்ரீட்டைச் சுற்றிய லிட்டில் இந்தியாவில் உட்லண்ட்ஸ் போன்ற சைவ உணவகங்கள் இருக்கின்றன. அதற்கு வெளியே, பார்க்க வெறும் கீரையாக இருப்பதற்குள்ளும் இறால் விழுது ஒளிந்திருக்கும்.

2022 டிசம்பரில் மிஷலின் வழிகாட்டி முதன்முறையாகக் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் வந்தது. பிஷப் தெருவில் நியோன்யா சமையல் செய்யும் ஆன்ட்டி கைக் லீன் உணவகத்துக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. சீன வாணலியும் மலாய் மசாலாவும் ஒரே வீட்டுக்குள் பழகிய சமையல் அது. இந்த ஊருக்குப் பொருத்தமான தேர்வுதான். ஆனால் உள்ளூர் மக்களுக்கு வேறு கவலை. கரி அடுப்பு முன் பத்து மணி நேரம் நிற்கச் சொந்தப் பிள்ளைகள் வருவதில்லை. வேலைக்கு வெளிநாட்டவர்களை வைத்தார்கள். 2016-இல் மாநில அரசு குறுக்கிட்டது: சார் குவே தியாவ், அசாம் லக்சா, பசம்பூர் போன்ற உள்ளூர் உணவுகளை விற்கும் அங்காடிகளில் வெளிநாட்டவர் தலைமைச் சமையல்காரராக இருக்கக் கூடாது, உதவியாளாக மட்டும் இருக்கலாம். பாரம்பரிய ருசியைக் காப்பாற்றத்தான் என்றது அரசு. இந்த உணவுகளில் பெரும்பாலானவற்றைக் கொண்டுவந்ததே கப்பலேறி வந்தவர்கள்தான் என்பதை நினைத்தால், சமைப்பவரின் பாஸ்போர்ட்டைப் பார்த்து ருசியைப் பாதுகாப்பது விசித்திரமாகத்தான் படுகிறது. பிள்ளைகள் அடுப்புக்கு வரும்படி வருமானமும் மரியாதையும் கிடைக்கச் செய்வதே உருப்படியான வழி.

தமிழ்நாட்டிலிருந்து போவது இப்போது சுலபம். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள்வரை விசா இல்லாமல் மலேசியா போகலாம். சலுகை 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. புறப்படும் முன் இணையத்தில் வருகைப் படிவம் மட்டும் நிரப்பவேண்டும். 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானமும் தொடங்கியது. வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா நேரத்தில் பல மாமாக் கடைகள் மூடியிருக்கும், அன்று சீனர் கடைக்குப் போங்கள். கோடை விடுமுறையின் கடைசியில் போனால் தீவின் மேற்குப் பக்கம் பாலிக் பூலாவ் தோப்புகளில் டுரியான் விழத் தொடங்கியிருக்கும். அதை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டு முடித்துவிடுங்கள். பத்து ஃபிரிங்கி ஹோட்டல்காரர்கள் வாசலிலேயே மோப்பம் பிடித்து நிறுத்திவிடுவார்கள்.