குளமா, கரையா?

தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களிலும் சிற்றூர் வட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலும் வாழும் நம்மவர் குழந்தைகளுள் சிலர் தமிழ் வகுப்பிலும் சிலர் மலையாள வகுப்பிலும் சேர்கின்றனர். பின்னவர்க்குத் தொடக்கத்தில் ஓர் இடர் உண்டு. ஆசிரியை ‘இரிக்கு’ என்றால் உட்கார் என்பது பொருள். வீட்டில் ‘இரு’ என்றால் பொறு என்று கேட்டுப் பழகிய குழந்தையோ நின்றபடியே நிற்கும். ‘பற’ என்றால் சொல் என்பது. நம் பிள்ளை சிறகடிக்கப் பார்க்கும்! நகைப்புக்குரியதுதான், ஆயினும் ‘சொற்பேச்சுக் கேளாதவன்’ என்னும் பெயர் ஐந்து வயதில் ஒட்டிக்கொண்டால் எளிதில் நீங்குவதில்லை.

இதற்கு மருந்து பிரம்பன்று, விளையாட்டே. தரையில் ஒரு கோடு கிழித்து, ஒருபுறம் குளம், மறுபுறம் கரை என்க. ‘குளம்’ என்றதும் உள்ளே குதிக்க வேண்டும். ‘கரை’ என்றதும் வெளியே. மாறிமாறிச் சொல்லிவந்து, திடீரென இருமுறை ‘குளம்’ என்றால் பலர் கரைக்குத் தாவிவிடுவர். எழும்பிய காலை அடக்கிச் சொல்லைக் கேட்பதே இதன் உயிர்நிலை. தவறியவரை வெளியேற்றுவது வழக்கம். நாம் அதை ஒப்பவில்லை. பயிற்சி மிக வேண்டியவனன்றோ அப்போது சும்மா உட்கார்ந்திருப்பான்? இத்தகைய விளையாட்டுகளை அமெரிக்காவின் ஓரிகனில் பதினாறு அமர்வுகளில் நடத்திப் பார்த்தனர். தன்னடக்கம் குறைந்திருந்த குழந்தைகளே அதனால் மிகுந்த பயன் பெற்றனர் என 2011இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது.

1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையார், போர்க்காலத்தில் நம் மலைகளை அடுத்த கொடைக்கானலில் சில காலம் தங்கிக் குழந்தைகளுக்குக் கற்பித்தார். அவருடைய மௌன விளையாட்டு புகழ்பெற்றது. பிள்ளைகள் அசையாது அமர்ந்திருப்பர்; ஆசிரியை அடுத்த அறையிலிருந்து ஒவ்வொரு பெயராக மெல்ல அழைப்பார்; அழைக்கப்பட்டவர் ஓசையின்றி எழுந்து செல்வார். தோட்டத்து லயங்களிலும் மாலையில் இதை ஆடலாம். தகரக் கூரையில் ஆனி மழை கொட்டும்போது மட்டும் நடவாது!

மலையாளத்திலும் குளம் குளமே. கரை ‘கர’ ஆகும். வா, போ, ஓடு, எடு, கண், மூக்கு யாவும் பொதுச்சொற்கள். ஆதலால் இரிக்கு, எழுந்நேல்க்கு, பற, சாடு என்னும் சிலவற்றையே விளையாட்டிற் புகுத்தினால் போதும். ‘சாடு’ என்றால் குதி. பள்ளி செல்லும் அண்ணனோ அக்காளோ ஆணையிடட்டும். பிறகு முறை மாறி இளையவர் ஆணையிடட்டும். அப்போது தந்தையாரும் குளத்தில் குதித்தே ஆக வேண்டும்.