ஆண்குறி உள்வைப்பு அறுவை சிகிச்சை: நோயாளிகள் எதை எதிர்பார்க்கலாம்?

மாத்திரை, ஊசி, வெற்றிடக் கருவி ஆகியவற்றால் விறைப்புத்தன்மைக் குறைபாடு சீராகாத ஆண்களுக்கு மருத்துவர்கள் இறுதியாகப் பரிந்துரைப்பது ஆண்குறி உள்வைப்பு அறுவை சிகிச்சை. நீண்டகால நீரிழிவு நோயாளிகளும், புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் இதனை நாடுகின்றனர்.

உள்வைப்புகளில் முக்கியமாக இரு வகைகள் உள்ளன. வளைத்து நிமிர்த்தக்கூடிய தண்டு வகை இந்தியாவிலேயே தயாராகிறது, விலையும் குறைவு. ஆனால், உறுப்பு எப்போதும் ஒரே விறைப்பில் இருக்கும். 1973-ல் அமெரிக்காவில் அறிமுகமான திரவம் நிரப்பும் வகையில், விதைப்பைக்குள் வைக்கப்படும் சிறு பம்பை அழுத்தினால் விறைப்பு உண்டாகும், பின்னர் தளர்த்திவிடலாம். இதன் விலை பல மடங்கு அதிகம்.

அறுவை சிகிச்சை முடிந்து ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். வீக்கமும் வலியும் சில வாரங்கள் நீடிக்கும். தாம்பத்திய உறவுக்குப் பொதுவாக 6 வாரங்கள் காத்திருக்க வேண்டும்.

ஏமாற்றம் பெரும்பாலும் தவறான எதிர்பார்ப்பிலிருந்தே தொடங்குகிறது. உள்வைப்பு தருவது விறைப்பை மட்டுமே. பாலுணர்வு வேட்கையை அது தூண்டாது, நீளமும் கூடாது. முன்பைவிடச் சற்றுக் குறைந்துவிட்டதாகவே பலர் உணர்கின்றனர். மனைவியும் உடனிருந்து இதனை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.

இதிலிருந்து பின்வாங்கவும் வழியில்லை. பொருத்தும்போது இயற்கையான விறைப்புத் திசு சிதைவதால், கருவியை அகற்றினாலும் பழைய நிலை திரும்பாது. நூறில் ஒருவர் முதல் மூவர் வரை தொற்றுக்கு ஆளாகின்றனர். அப்போது கருவியையே அகற்ற நேரிடும். ஆகவேதான், ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் வரும்வரை மருத்துவர்கள் அறுவை சிகிச்சையைத் தள்ளிவைக்கின்றனர்.