படத்தின் பின்னே ஒளி: பாட்டரியால் எரியும் படப்பெட்டி

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்கள் நவராத்திரிக் கொலுவையோ பொங்கல் விழாவையோ தியாகராஜ ஆராதனையையோ கூடி நடத்தும்பொழுது, அவற்றிற்கென நிலையான கட்டடம் வாய்ப்பது அரிது. பள்ளிக்கூடத்து மண்டபம், குடியிருப்பின் பூங்கா, ஒருவர் வீட்டு மொட்டைமாடி என ஏதேனும் ஓர் இடத்தை ஓரிரு நாட்களுக்கு இரவலாகப் பெறுகிறோம். அங்கே சொந்த ஊர்க் கோபுரத்தின் படத்தைப் பெட்டியில் பொருத்திப் பின்னாலிருந்து ஒளியூட்டி வைத்தால், வருவோர் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டே செல்வர். ஆனால் பிளக் பாயிண்டோ பெரும்பாலும் மறுகோடிச் சுவரில்தான் இருக்கும். 230 வோல்ட் மின்சாரம் ஓடும் வயரைக் குழந்தைகள் ஓடியாடும் தரையின் குறுக்கே இழுப்பதை நாம் ஒருபொழுதும் ஒப்புவதற்கில்லை. ஆதலின், எங்கும் எடுத்துச் செல்லத்தக்க, பாட்டரியால் எரியும் படப்பெட்டி ஒன்றை அமைக்கும் முறையை இங்கு விளக்குவோம்.

முன்னாளில் இத்தகைய பெட்டிகளில் குழல் விளக்கும் சோக்கும் இருந்தன. பாட்டரியைக் கொண்டு அவற்றை எரிப்பது எளிதாயில்லை. எல்.ஈ.டி. விளக்கு வந்த பிறகே இவ்வேலை வீட்டில் செய்யத்தக்கதாயிற்று. நீல ஒளி தரும் எல்.ஈ.டி.யைக் கண்டமைக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. வெள்ளை ஒளி அந்த நீலத்திலிருந்து பிறப்பதே.

ஒளியைப் படம் முழுவதும் சமமாகப் பரப்புவதே இக்கலையின் உயிர்நிலை. இதனை நன்கு அறிந்தவர்கள் கேரளத்துத் தோல்பாவைக் கூத்தர்கள். பாலக்காட்டுப் பகுதியின் பகவதி கோயில்களில் கம்பராமாயணத்தைத் தமிழிலேயே பாடி நடத்தும் அக்கூத்தில், திரைக்குப் பின்னே 21 விளக்குகள் ஒரே வரிசையாக ஏற்றப்படும். ஒரு பெருவிளக்கு வைத்திருந்தால் நடுவில் வெளிச்சமும் ஓரங்களில் இருளுமாக இருந்திருக்கும் அன்றோ? பல சிறு விளக்குகளைச் சம இடைவெளியில் வைத்து, திரையைச் சற்று விலக்கி நிறுத்துவதே முறை. நம் பெட்டிக்கும் அதுவே விதி.

எடுத்துக்காட்டாக ஏ-3 அளவுள்ள படத்தைக் கொள்வோம். அது 42 செ.மீ. நீளமும் 29.7 செ.மீ. உயரமும் உடையது. மீட்டருக்கு 60 விளக்குகளும் 4.8 வாட் செலவும் உள்ள 12 வோல்ட் எல்.ஈ.டி. பட்டை கடைகளில் கிடைக்கும். இதனை மூன்று விளக்குகளுக்கு ஒருமுறை, அதாவது 5 செ.மீ.க்கு ஒரு குறியிட்ட இடத்தில் வெட்டலாம். வேறிடத்தில் வெட்டினால் அந்தத் துண்டு எரியாது. 40 செ.மீ. நீளத்தில் ஆறு துண்டுகள் வெட்டி, 5 செ.மீ. இடைவெளியில் ஆறு வரிசைகளாகப் பெட்டியின் அடித்தகட்டில் ஒட்ட வேண்டும். பட்டைக்கும் முன்புறத் தகட்டிற்கும் உள்ள தூரம் வரிசைகளின் இடைவெளியைவிடக் குறைந்தால், படத்தின் மேல் கோடு கோடாக ஒளி தெரியும். ஆகவே பெட்டியின் ஆழம் 6 அல்லது 7 செ.மீ. இருக்கட்டும். மெல்லிய பெட்டி அழகாயிருக்கும் என்று ஆழத்தைக் குறைப்போர் கோடுகளைக் கண்டு பின்னர் வருந்துவர். உட்புறத்துக்குப் பளபளப்பற்ற வெள்ளை வர்ணம் பூசுக. முன்புறத்துக்குப் பால்நிற அக்ரிலிக் தகடு 3 மி.மீ. கனத்தில் போதும்.

ஆறு துண்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்காமல், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வயர் கொடுத்துப் பக்க இணைப்பாகச் சேர்ப்பது நன்று. அப்பொழுது கடைசி வரிசை மங்காது.

படத்தைப் பற்றியும் ஒரு சொல். சாதாரணப் புகைப்படத் தாளைப் பின்னாலிருந்து ஒளியூட்டினால் நிறம் வெளிறித் தோன்றும். ஒளி ஊடுருவும் பிலிமில், வழக்கத்தைவிட அடர்த்தியான மையில் அச்சிடச் சொல்ல வேண்டும். விளக்கு வாங்கும்பொழுது 4,000 கெல்வின் அளவில், நிறம் காட்டும் எண் 90க்குக் குறையாததாகப் பார்த்து வாங்குக. மலிவான நீலவெள்ளை விளக்கில் குங்குமச் சிவப்பு உயிரிழந்து காணப்படும்.

இனிப் பாட்டரிக்கு வருவோம். பெட்டியைச் செய்து முடித்துவிட்டு, கையில் கிடைத்த பாட்டரியை மாட்டுவோரே மிகுதி. கச்சேரி நடுவில் கோபுரம் இருண்டு போவது அதனால்தான். முதலில் எத்தனை மணி நேரம் எரிய வேண்டும் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை எனில் நான்கு மணி நேரம். முன்னும் பின்னும் சேர்த்து ஐந்து எனக் கொள்வோம். ஆறு துண்டுகளும் சேர்ந்து 2.4 மீட்டர், மீட்டருக்கு 4.8 வாட் வீதம் சுமார் 11.5 வாட். அதனை 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ ஓர் ஆம்பியர்.

ஸ்கூட்டர்க் கடையிலும் யு.பி.எஸ். பழுதுபார்க்கும் கடையிலும் கிடைக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரி ஏழு மணி நேரம் தரும் என்று எண்ணிவிடலாகாது. அந்த எண், 20 மணி நேரத்தில் மெதுவாக வடிக்கும் கணக்கில் குறிக்கப்பட்டது. அன்றியும், ஈயப் பாட்டரியைப் பாதிக்கு மேல் அடிக்கடி வடித்தால் அதன் ஆயுள் குறையும். ஆக நம் கைக்கு வருவது மூன்று மணி நேரம். எடையோ இரண்டு கிலோவுக்கு மேல்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரியில் 12.8 வோல்ட், 6 ஆம்பியர்-மணி அளவுள்ளதன் விலை சற்றுக் கூடுதல். எனினும் ஐந்தில் நான்கு பங்கை அச்சமின்றிப் பயன்படுத்தலாம். ஐந்து மணி நேரம் அநேகமாகக் கிடைத்துவிடும். நாம் இதையே பரிந்துரைப்போம். உட்காப்புச் சுற்று உடையதாகவும், அதற்கே உரிய சார்ஜரோடும் வாங்க வேண்டும். சிம்லா போன்ற குளிர் நாட்டில் வாழ்வோர், வெப்பம் 0 டிகிரிக்குக் கீழே உள்ள இடத்தில் வைத்து அதனைச் சார்ஜ் செய்யலாகாது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. 12 வோல்ட்டுக்கென்று அமைந்த பட்டைக்கு 13 வோல்ட்டுக்கு மேல் கிடைத்தால், மின்னோட்டம் நம் கணக்கைத் தாண்டிவிடும். எனவே இடையில் ஒரு டிம்மரை வைத்து, பாட்டரி வயரில் மீட்டரைத் தொடராக இணைத்து, ஓர் ஆம்பியருக்கு மிகாமல் ஒளியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இருண்ட மண்டபத்தில் பாதி ஒளியே போதுமானது; எரியும் நேரமும் இரட்டிக்கும். சில டிம்மர்கள் ஒளியை விட்டு விட்டு எரியச் செய்வதால் கைப்பேசிக் காமிராவில் வரிகள் விழும். வாங்குமுன் கைப்பேசியில் பார்த்துத் தெரிந்துகொள்க.

பாட்டரியின் நேர்முனையை ஒட்டி 2 ஆம்பியர் ப்யூஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். இதில் சிக்கனம் கூடாது. வயர் நசுங்கி இரு முனைகளும் கூடினால், இச்சிறு பாட்டரியே வயரைப் பழுக்கக் காய்ச்சிவிடும். பெட்டியோ மரமும் பிளாஸ்டிக்கும். பாட்டரியைத் தனி அறையில் அசையாமல் வைத்து, மேலும் கீழும் சிறு துளைகள் இடுக.

சிறிய படத்திற்கு இவ்வளவு முயற்சி வேண்டா. ஏ-4 அளவுக்கு 5 வோல்ட் பட்டை ஒரு மீட்டர் போதும். செலவு சுமார் 6 வாட். 10,000 மில்லி ஆம்பியர்-மணிப் பவர் பாங்கில் அடங்கியது 37 வாட்-மணி. மாற்றத்தில் இழந்தது போக 30 கைக்கு வந்தால் ஐந்து மணி நேரம்.

கலைச்சொல் ஆக்குவோர் மின்கலம் என்றும் மின்கல அடுக்கு என்றும் பெயரிட்டுள்ளனர். அவை நல்ல சொற்களே. ஆயினும் டில்லியின் பகீரத் பேலஸ், மும்பையின் லாமிங்டன் ரோடு, கல்கத்தாவின் சாந்தினி மார்க்கெட், பெங்களூரின் எஸ்.பி. ரோடு ஆகிய இடங்களில் பாட்டரி, ஸ்ட்ரிப், டிம்மர் என்று கேட்டால்தான் பொருள் கைக்கு வரும்.

விழாவுக்கு முந்திய நாள், முழுதும் சார்ஜ் ஏற்றிய பாட்டரியோடு பெட்டியை ஐந்து மணி நேரமும் எரியவிட்டுப் பார்த்து, அன்றிரவே மீண்டும் சார்ஜ் ஏற்றுக. விமானத்தில் வேற்றூர் செல்வோர் பாட்டரியைக் கழற்றி, முனைகளின் மேல் டேப் ஒட்டிக் கைப்பையில்தான் கொண்டுசெல்ல வேண்டும். சரக்கில் போடும் பெட்டியில் வைத்தல் கூடாது. தனி அனுமதியின்றிக் கொண்டுசெல்லும் வரம்பு 100 வாட்-மணி. நாம் கூறிய பாட்டரி 77 வாட்-மணிக்குள் அடங்கும். அதன்மேல் அவ்வெண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குதல் நலம்.